எலியின் முதுகில் ஒரு சிறு புண்!
ரத்தம் நின்றுவிட்டால் மட்டும் போதுமா?

அந்தியூர் வெற்றிலைக்குப் பேர் போன ஊர். கொடிக்காலில் வேலை செய்கிறவர்களுக்குக் கையில் வெட்டுக்காயம் படுவது புதிது அல்ல. அகத்திக் கிளையைக் கழிக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிடும்.

உடனே என்ன செய்கிறார்கள்? வரப்பில் முளைத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பறிக்கிறார்கள். கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிகிறார்கள். துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டுகிறார்கள். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடுகிறது. மறுபடியும் வேலை நடக்கிறது.

பச்சிலைதான் ரத்தத்தை நிறுத்தியது என்று நாம் நினைக்கிறோம். ஆனால், ரத்தத்தை நிறுத்தியது பெரும்பாலும் ரத்தமேதான்! தானே ஓடி, தானே உறைந்து, தானே ஓட்டையை அடைக்கும் பொருள் அது.

அந்த உறையும் சக்தி சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குக் காயம் பட்டால் என்ன ஆகிறது? ரத்தம் நின்ற பிறகாவது புண் ஒழுங்காக ஆறுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவை எலிகள்.

உடைந்த வாய்க்கால்

வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் விவசாயிகள் என்ன செய்வார்கள்? முதலில் கையில் கிடைத்த கல்லையும் மண்ணையும் வாரிப் போடுவார்கள். தண்ணீர் கொஞ்சம் அடங்கும். ஆனால், வெறும் மண் நிற்காது. அரித்துக்கொண்டு போய்விடும். அதனால் முள்ளையும் வைக்கோலையும் வைத்துப் பின்னி, அதன் மேல் மண்ணைப் போட்டு மிதிப்பார்கள். அப்போதுதான் அடைப்பு நிற்கும்.

நம் உடம்பிலும் இதேதான் நடக்கிறது. ரத்தக் குழாய் அறுந்ததும், ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. இது கல்லும் மண்ணும். பிறகு அதன் மேல் மெல்லிய நார் வலை ஒன்று பின்னப்படுகிறது. இது முள்ளும் வைக்கோலும். வலை விழுந்தால்தான் அடைப்பு உறுதியாகும்.

இந்த நாரைப் பின்னுவதற்கு ரத்தத்தில் பல புரதங்கள் இருக்கின்றன. டாக்டர்கள் அவற்றுக்கு 1 முதல் 13 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். (6 என்ற எண் மட்டும் இப்போது யாருக்கும் இல்லை.) வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும். அது அதற்கு அடுத்ததை எழுப்பும். கடைசியில் நார் உண்டாகும்.

வரிசையில் நடுவில் ஓர் ஆள் இல்லாவிட்டால்? செங்கல் அங்கேயே நின்றுவிடும்!

8 இல்லாதவர், 9 இல்லாதவர்

8-ஆம் எண் புரதம் குறைந்தால் வரும் நோய்க்கு ‘ஹீமோபிலியா ஏ’ என்று பெயர். 9-ஆம் எண் புரதம் குறைந்தால் ‘ஹீமோபிலியா பி’. எட்டும் ஒன்பதும் ஜோடியாகச் சேர்ந்து வேலை செய்கிறவை. அதனால் எது குறைந்தாலும் நோய் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வகை இருக்கிறது. இரண்டாவது வகை அதைவிட அரிது. சுமார் 30,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்து டாக்டர்கள் இந்த இரண்டாவது வகையைத் தனி நோய் என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் முதலில் சோதித்த சிறுவனின் பெயர் ஸ்டீபன் கிறிஸ்துமஸ். அதனால் ‘கிறிஸ்துமஸ் நோய்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பண்டிகைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை!

அரண்மனையையும் இந்த நோய் விடவில்லை. விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் பல ஆண் பிள்ளைகளுக்கு இது இருந்தது. ரஷ்யாவின் பட்டத்து இளவரசன் அலெக்சி அவர்களில் ஒருவன். 1918-இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டான். 2009-இல் அந்தக் குடும்பத்தின் எலும்புகளை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 9-ஆம் எண் புரதத்தின் மரபணுவில்தான் கோளாறு என்பது அப்போது தெரிந்தது.

மரபணு என்பது என்ன? உடம்பு எந்தப் பொருளை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதிவைத்த குறிப்பு. சமையல் குறிப்பில் ஒரு வரி அழிந்துவிட்டால் பலகாரம் சரியாக வராது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இந்த நோய் உள்ளவருக்குச் சின்னக் கீறல் பட்டவுடன் ரத்தம் குடம் குடமாகக் கொட்டிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. ரத்தம் மற்றவர்களுக்கு வருவதைவிட வேகமாக வருவதில்லை. ஆனால், நீண்ட நேரம் வந்துகொண்டே இருக்கும். அதைவிட மோசமானது வெளியே தெரியாத கசிவு. முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் மூட்டு கெட்டுப்போகும். ஓடியாட வேண்டிய பையன் கோல் ஊன்றி நடக்கும்படி ஆகிவிடும்.

எலிகள் வந்தன

நோயாளியின் உடம்பில் வேண்டுமென்றே காயம் உண்டாக்கிச் சோதிக்க முடியுமா? முடியாது; கூடவும் கூடாது. அதனால் விஞ்ஞானிகள் எலிகளிடம் போனார்கள்.

குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் எடுத்துவிட்டு எலியைப் பிறக்கவைக்கும் வித்தையை மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். மரியோ கபெச்சி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மிதிஸ் என்பவர்கள் அவர்கள். 2007-ஆம் ஆண்டில் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறையில் 1995-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 8-ஆம் எண் இல்லாத எலிகள் பிறந்தன. 1997-இல் வட கரோலினாவில் 9-ஆம் எண் இல்லாத எலிகள் பிறந்தன. அந்த வட கரோலினா குழுவில் ஸ்மிதிசும் இருந்தார்.

பார்வைக்கு இவை சாதாரண எலிகள்தான். தின்கின்றன, ஓடுகின்றன, குட்டி போடுகின்றன. ஆனால், வால் நுனியைக் கொஞ்சம் வெட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ரத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

10 நாளும் 12 நாளும்

2006-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மோரீன் ஹாப்மன் என்ற பெண் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கூட்டம் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். மற்றொன்று 9-ஆம் எண் இல்லாத எலிகள். எல்லா எலிகளின் தோலிலும் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னப் புண் உண்டாக்கினார்கள். ஒரு கொத்தமல்லி விதை அளவுதான். பிறகு தினமும் புண்ணை அளந்து பார்த்தார்கள்.

சாதாரண எலிகளுக்கு 10 நாளில் எல்லாப் புண்களும் மூடிவிட்டன. நோயுள்ள எலிகளுக்கு 12 நாள் ஆயிற்று.

இரண்டு நாள்தானே வித்தியாசம், இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். புண்ணுக்குள் இருந்ததைப் பார்த்தபோதுதான் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

முதலாவது: நோயுள்ள எலிகளுக்குத் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. சாதாரண எலிகளுக்கு அப்படி இல்லை.

இரண்டாவது: புண்ணைச் சுத்தம் செய்ய வரும் அணுக்கள் தாமதமாக வந்தன. நம் ரத்தத்தில் துப்புரவு வேலை செய்யும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. செத்த திசுவையும் கிருமிகளையும் அவை விழுங்கிவிடும். அதன் பிறகுதான் புதுச் சதை வளரும். குப்பையை அள்ளாமல் வீட்டுக்கு அஸ்திவாரம் போட முடியுமா?

மூன்றாவது: சிந்திய ரத்தத்திலிருந்த இரும்புச் சத்து புண்ணிலேயே தங்கிவிட்டது.

நான்காவது சங்கதி ஆராய்ச்சி செய்தவர்களையே திகைக்கவைத்தது. ஆறிவரும் புண்ணில் புது ரத்தக் குழாய்கள் முளைப்பது வழக்கம். நோயுள்ள எலிகளிலோ அவை இரண்டு மடங்கு முளைத்திருந்தன! இரண்டு வாரம் ஆன பிறகும் அவை குறையவில்லை. தங்கிய இரும்புதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

மேலே தோல் மூடிவிட்டது. உள்ளே வேலை முடியவில்லை!

ஒரு வேளை மருந்து போதுமா?

அடுத்த ஆண்டு, 2007-இல், இதே குழுவினர் இன்னொரு சோதனை செய்தார்கள். நமக்கு மிகவும் முக்கியமானது இதுதான்.

நோயுள்ள எலிக்குப் புண் உண்டாக்கும் சமயத்தில் மருந்து கொடுத்தார்கள். சில எலிகளுக்கு இல்லாத 9-ஆம் எண்ணையே கொடுத்தார்கள். சில எலிகளுக்கு அதற்குப் பதிலாக ரத்தத்தை உறையவைக்கும் வேறு மருந்து. ரத்தம் உறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

ஆனால், புண் ஆறும் விதம் சாதாரண எலியைப்போல் ஆகவில்லை.

ஏன்? புண் ஆறும்போது புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. இளந்தளிர்போல எளிதில் நைந்துபோகும், கசியும். அந்தக் கசிவையும் உடனுக்குடன் அடைக்க வேண்டும். முதல் நாள் கொடுத்த மருந்து அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அடைப்பதற்கு ஆள் இல்லை.

காயம் பட்ட நேரத்துக்கு மட்டும் உறையும் சக்தி இருந்தால் போதாது. புண் ஆறும் நாட்கள் முழுவதும் அது வேண்டும். எலிகள் சொன்ன பாடம் இதுதான்.

எலி வேறு, மனிதன் வேறு என்பது உண்மையே. ஆனால், டாக்டர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஹீமோபிலியா உள்ளவருக்குப் பெரிய ஆபரேஷன் செய்தால், ஒரு நாளோடு மருந்தை நிறுத்துவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் வரைகூட ‘ஃபாக்டர்’ ஊசியைத் தொடர்ந்து போடுகிறார்கள். ரத்தத்தில் இல்லாத அந்த எண் புரதத்தைத்தான் ஃபாக்டர் என்கிறோம்.

வீடுகளில் நடக்கும் தவறு இங்கேதான். பையனுக்குப் பல் பிடுங்குகிறார்கள். ஊசி போட்டதும் ரத்தம் நின்றுவிடுகிறது. “நின்னு போச்சு, இனி எதுக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறோணும்?” என்று அடுத்த ஊசிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். நாலாவது நாள் மறுபடியும் ரத்தம் கசிகிறது. டாக்டர் எத்தனை நாள் வரச் சொன்னாரோ, அத்தனை நாளும் போகவேண்டும். அதில் கணக்குக் குறையக் கூடாது.

தாய்மாமன் சொல்லும் ரகசியம்

நம் கொங்கு நாட்டில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துகிறோம். இந்த நோயைப் பொறுத்தவரை அந்தத் தாய்மாமனிடம் ஒரு ரகசியம் இருக்கிறது!

8, 9 ஆகிய இரண்டின் மரபணுக்களும் ‘எக்ஸ்’ என்ற குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கோளாறு இருந்தால் மற்றொன்று ஓரளவு சமாளித்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது. அதில் கோளாறு இருந்தால் சமாளிக்க வேறு ஒன்று இல்லை. அதனால்தான் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. கோளாற்றைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மகளும் அதேபோலச் சுமப்பவளாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

ஆகவே, தாயுடன் பிறந்த மாமனுக்குச் சின்ன வயதில் ரத்தம் நிற்காமல் இருந்ததா, மூட்டு வீங்கியதா என்று விசாரிக்க வேண்டும். அப்படி இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் குழந்தைக்குக் காது குத்தக் கூடாது. சுன்னத்தும் செய்யக் கூடாது.

இது பழங்காலத்தவருக்கே புரிந்திருந்தது. சுன்னத்து செய்து இரண்டு பிள்ளைகள் ரத்தப்போக்கால் இறந்துபோனால், அந்தத் தாயின் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யவேண்டாம் என்று யூத குருமார்கள் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அக்காள் தங்கைகளின் பிள்ளைகளையும் அவர்கள் சேர்த்துக் கவனித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும. சில குடும்பங்களில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இருக்கிறது. மாமனுக்கு இந்த நோய் இருந்து, அக்காள் மகள் கோளாற்றைச் சுமப்பவளாகவும் இருந்தால், பிறக்கும் பெண் குழந்தைக்கும் நோய் வரலாம். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதைப் படித்துவிட்டு யாரும் மருமகளைக் குறை சொல்லக் கிளம்பிவிடக் கூடாது! மரபணுவை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. மேலும், இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே நோய் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாறுதலே காரணம். இது சாபம் அல்ல, செய்வினை அல்ல, தாயின் குற்றமும் அல்ல. கோளாற்றைச் சுமக்கும் பெண்களுக்கே மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கலாம். அவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள்தான்.

வேலூரில் நடந்த அதிசயம்

இல்லாத எண்ணை ஊசியில் கொடுப்பது ஒரு வழி. 8-ஆம் எண் குறைந்தவர்களுக்குத் தோலுக்கு அடியில் போடும் ‘எமிசிசுமாப்’ என்ற மருந்தும் இப்போது வந்திருக்கிறது. ஆனால், இவற்றைத் திரும்பத் திரும்பப் போடவேண்டும். அழிந்துபோன குறிப்பையே மறுபடியும் எழுதிவிட முடியுமானால்?

அந்த முயற்சி நம் தமிழ்நாட்டில், வேலூரில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் இதில் சேர்ந்து உழைத்தார்கள்.

எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தைப் பெற்றெடுக்கும் தாய் அணுக்கள் இருக்கின்றன. இவற்றைக் குருத்தணுக்கள் என்பார்கள். நோயாளியின் குருத்தணுக்களையே பிரித்து எடுத்தார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய ஒரு வைரசை வண்டியாக வைத்து, 8-ஆம் எண்ணின் மரபணுவை அந்த அணுக்களுக்குள் ஏற்றினார்கள். பிறகு அவற்றை அதே நோயாளியின் உடம்பில் செலுத்தினார்கள். ஏற்றிய மரபணு மனிதனுடையதும் பன்றியினுடையதும் கலந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? அப்படிக் கலந்தால் 8-ஆம் எண் அதிகமாகச் சுரக்கிறது.

இதையும் முதலில் எலிகளிடம்தான் சோதித்தார்கள். 8-ஆம் எண் இல்லாத எலிகளில் பலன் தெரிந்த பிறகுதான் மனிதர்களிடம் வந்தார்கள்.

முடிவு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்’ என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 5 பேர். வயது 22 முதல் 41 வரை. ஐந்து பேரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். அந்தக் காலத்தில் ஒருவருக்குக்கூட ரத்தக் கசிவு ஏற்படவில்லை!

அதற்காக நாளைக்கே எல்லோரும் வேலூருக்கு ரயில் ஏறவேண்டாம். இது ஐந்து பேரிடம் செய்த முதல் சோதனை. புது அணுக்களுக்கு இடம் உண்டாக்க, முதலில் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையிலுள்ள பழைய அணுக்களை அழிக்கவேண்டியிருக்கிறது. அதில் ஆபத்தும் உண்டு. இன்னும் பல ஆண்டுகள் கவனித்துப் பார்க்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியது என்ன?

தவழும் வயதில் குழந்தையின் உடம்பில் காரணம் இல்லாமல் நீலம் பாரிக்கிறதா? முழங்கால் அடிக்கடி வீங்குகிறதா? பல் விழுந்தால் ரத்தம் நிற்க நாள் கணக்கில் ஆகிறதா? காயம் ஆறியதுபோல் இருந்து மறுபடியும் கசிகிறதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் எந்த எண் குறைவு என்பது தெரிந்துவிடும்.

நோய் இருப்பது தெரிந்துவிட்டால்:

வெளிக்காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மூட்டு வீங்கினால் அசைக்காமல் வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைக்கலாம். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நீவிவிடாதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபாக்டர் ஊசி போட்டுவிடுவது நல்லது. தலையில் அடிபட்டால், ரத்தம் வராவிட்டாலும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக் கூடாது. சதையில் ஊசி போடக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும், நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். நோயின் பெயர் எழுதிய சீட்டு ஒன்று பையனின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஃபாக்டர் ஊசி விலை அதிகம். ஆனால், கோவை, சேலம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பிறகு விசாரிக்க நேரம் இருக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம், நீந்தலாம், வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம். மூலையில் உட்காரவைக்க வேண்டியது இல்லை.

ரத்தம் நிற்பது முதல் படி. புண் ஆறுவதுதான் கடைசிப் படி. முதல் படியிலேயே திரும்பி வந்துவிடாதீர்கள்!